வகிடு விரிந்த வாரம்

முடி கிளினிக்கில் வேலை பார்க்கிறவளை யாரும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். கதவைத் திறந்ததுமே அவர்கள் கண் நேரே அவள் தலைக்குத்தான் போகும். என் தலையைப் பார்த்தால் அவர்களுக்கு நம்பிக்கை வராது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு தோல், முடி கிளினிக்கில் இருக்கிறேன். டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் வந்தவர் தலையில் ஒரு சின்னக் கேமராவை வைத்து, திரையில் பெரிதாக்கிப் படம் எடுத்து உள்ளே அனுப்பவேண்டும். அவர் வேகமாகச் சொன்னதை வெளியே வந்தபிறகு நான் மெதுவாகத் திரும்பச் சொல்லவேண்டும். இதுதான் என் வேலை. சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி உருட்டி, நேற்று உருட்டினதைவிட இது பெரிசா என்று நின்று யோசிக்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் அதே சீப்பு, அதே உருண்டை. அம்மாவுக்கு வகிடு அகலம், அப்பாவின் தங்கைக்கும் அகலம், எனக்கு ரெண்டு பக்கத்துச் சீரும் சேர்த்து வந்திருக்கிறது. நெற்றி ஓரத்தில் முடி ஒழுங்காக இருக்கும், பின்னந்தலையில் இருக்கும், உச்சியில்தான் வெயிலடித்தால் சுடும்.

இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தவை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, லீவு குறைவு. அதனால் பெண் பார்ப்பதும் பூ வைப்பதும் ஒரே நாளில் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் என் தலையில் பூ வைக்கவேண்டும், ஊர் கூடி அதைப் பார்க்கவேண்டும். அனுப்பின போட்டோவில் என் வகிட்டின்மேல் கறுப்புப் பவுடர் தூவியிருந்தேன். மாப்பிள்ளையின் போட்டோவில் நெற்றி பாதித் தலை வரைக்கும் ஏறியிருந்தது. எங்கள் அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யோகமான நெத்தி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை.

எல்லாம் தண்ணி செய்த வேலை

திங்கட்கிழமை முதல் டோக்கன் ஆலந்தலையிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி. சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். கடைசியில் கழற்றினார். ரெண்டு பொட்டிலும் ஏறி, உச்சியில் வட்டமாகப் போய், நடுவில் ஒரு சின்னத் தீவு மாதிரி கொஞ்சம் முடி மிச்சமிருந்தது. ஆண்களுக்கு வருகிற பரம்பரை வழுக்கை அப்படித்தான். முன்னாலும் உச்சியிலும் தனித்தனியாக ஆரம்பித்து ஒருநாள் ரெண்டும் சேர்ந்துவிடும். காதுக்கு மேலேயும் பிடரியிலும் மட்டும் வேலி போட்ட மாதிரி நின்றுகொள்ளும்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் யார்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்? தலையில் எது கொட்டினாலும் பழி உப்புத் தண்ணிக்குத்தான். கடல் தண்ணி, போர் தண்ணி, லாரித் தண்ணி என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க அப்பாவுக்கு எப்படி இருந்துது?" என்றார். அவருக்கும் சுத்தமாக வழுக்கை என்று அண்ணாச்சி தலையாட்டினார். "அப்போ இது அவர்கிட்ட இருந்து வந்ததுதான்" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அவுகளும் இதே தண்ணியிலதான குளிச்சாவ."

ஒரே அட்டை

செவ்வாய்க்கிழமை விளாத்திகுளத்திலிருந்து ஒரு புருசன் பெண்சாதி. ரெண்டு பேரும் வாத்தியார்கள், ரெண்டு பேருக்கும் முடி பிரச்சினை, ரெண்டு பேருக்கும் எங்களிடம்தான் வைத்தியம். போன தடவை வந்தபோது புருசனுக்குத் தலையைப் பார்த்ததுமே மாத்திரை எழுதியாயிற்று. அவருடைய மனைவிக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை. பெண்களுக்கு முடி கொட்டினால் அது பரம்பரையா, ரத்தத்தில் இரும்பு குறைவா, தைராய்டா, பிள்ளை பெற்றபிறகு கொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கவேண்டும். ஆணுக்குப் பெரும்பாலும் அந்தப் பாடு கிடையாது, அவர் தலையே சொல்லிவிடும். அந்தம்மாவுக்குத் தலையில் தேய்க்கிற மருந்துதான் கொடுத்திருந்தது.

கேமராவை வைத்துக்கொண்டே, "மருந்து ஒழுங்கா தேய்க்கீங்களா?" என்று கேட்டேன். அது எண்ணெய் மாதிரி பிசுபிசு என்று இருக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். "எங்க சார் மாத்திரையைத்தான் பாதி பாதியா எடுத்துக்கலாம்னு இருக்கோம், நாளையில இருந்து" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர்கள் ரெண்டாவது பிள்ளைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். அந்த மாத்திரை ஆண்களுக்கு. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண் அதை முழுங்கினால் வயிற்றில் தங்குகிற பிள்ளைக்குக் கேடு. கேமராவை அப்படியே போட்டுவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து கண்டித்து, புரியவைத்து, பிசுபிசுப்பு இல்லாத வேறு மருந்து எழுதிக்கொடுத்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே போகும்போது அந்த டீச்சருக்கு என்மேல்தான் கோபம்:

"ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே சோப்பு. மாத்திரை மட்டும் ரெண்டு பேருக்கும் வேற வேறயா?"

ஏரல் பஸ்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அழுதுவிடுவார்கள். ஆண்கள் உள்ளே வரும்போதே சத்தமாக வழுக்கை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெண்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டு வந்தமாதிரி பேசுவார்கள், தலையில் போட்ட முந்தானையை எடுக்கவே கால் மணி நேரம் ஆகும். அப்போது நான் கேமராவை என் உச்சியில் வைத்து என் வகிட்டைத் திரையில் காட்டிவிடுவேன். "பாத்துக்கோங்க, எனக்கும் இதான்." அழுகை நின்றுவிடும். டாக்டரம்மாவுக்கே இந்த வித்தை பிடிக்கும்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு அம்மா தனியாக வந்தார். அறுபது நெருங்கும், நல்ல நிமிர்ந்த நடை, கண் சும்மா இருக்காது. கொண்டையை அவிழ்த்தால் உள்ளே பாதி சவுரி. உச்சி வெளுப்பாகத் தெரிந்தது. "மாசம் நின்ன பொறவு இப்படி ஆயிட்டும்மா" என்றார். படம் எடுத்தேன். தடித்த முடியும் நூல் மாதிரி மெலிந்த முடியும் கலந்து கிடந்தது. பரம்பரைதான்.

"பொம்பளைக்கு வழுக்கை விழாதுல்லா?"

"ஆம்பளைக்கு விழுத மாதிரி விழாதும்மா. நெத்தி ஓரம் அப்படியே நிக்கும். வகிடுதான் அகலமாகிட்டே போகும்."

"எம் பையனுக்கும் நெத்தி ஏறிட்டு. அது அவங்க அப்பா வம்சம்."

நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், மூடவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதும்மா, ரெண்டு பக்கமும் வரும். உங்ககிட்ட இருந்தும் போயிருக்கலாம். அதே சங்கதி பையனுக்கு நெத்தியில ஏறும், பொண்ணுக்கு வகிட்டுல விரியும்." அந்த அம்மா அவிழ்த்த சவுரியை எடுத்து மடியில் வைத்து நீவ ஆரம்பித்தார். இத்தனை வருசம் புருசன் வீட்டைக் குத்திக்காட்டின கணக்கெல்லாம் மனசில் ஓடியிருக்கும்போல. முகம் வாடிவிட்டது என்று நினைத்து நான் என் வித்தையை எடுத்தேன். குனிந்து, கேமராவை என் உச்சியில் வைத்தேன். திரையில் என் மண்டைத்தோல் பளபளவென்று தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிட்டாம்மா?"

"ஞாயித்துக்கிழமை பூ வைக்க வாராவ."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"இல்லம்மா. எங்கம்மா ஒரு டாப்பர் வாங்கி வச்சிருக்காவ, உச்சியில கிளிப் போட்டுக்கிடுத முடி. அத வச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுதாவ."

"வச்சுக்கிடப் போறியா?"

"தெரியலம்மா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல." முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதுதான் லேசு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த அம்மா டாக்டரைப் பார்த்து, மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டோக்கன் போடுகிற ரீட்டா அக்கா என்னிடம் வந்து நின்றார். பனிமய மாதா கோயில் பக்கத்துக்காரர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த அம்மா உள்ளே வருவதற்கு முன்னால் என்னைப் பற்றியே கேட்டாராம். எப்படிப்பட்ட பிள்ளை, யாரோடு வீட்டுக்குப் போகும், கோபம் வருமா என்றெல்லாம். நம் பக்கத்தில் ஒரு பெண் வேலை செய்கிற இடத்துக்கு வந்து இப்படிக் கேட்கிறவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ரீட்டா அக்கா மிச்சத்தையும் சொன்னார்:

"போம்போது ஏரல் பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டாவ. ஒன் மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

ஒத்திகை

மாப்பிள்ளைக்கு ஏரல்தான்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், இனி போன் வரும், ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவார்கள் என்றாள். வியாழக்கிழமை முழுக்க போன் வரவில்லை. கிளினிக்கில் யார் போன் அடித்தாலும் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு பேசண்டுக்கு வலது பக்கம் எடுக்கவேண்டிய படத்தை இடது பக்கம் எடுத்தேன். போன் வந்து சம்பந்தம் நின்றுபோனால் தேவலை என்று ஒரு மனசு, வந்துவிடக்கூடாதே என்று ஒரு மனசு. எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு தடவை போனில் பேசியிருந்தார். கப்பல் ஆடும்போது சாப்பாட்டுத் தட்டை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமையும் போன் இல்லை. அம்மா தேறிவிட்டாள். அந்த அம்மா வேறு யாரோவாக இருக்கும், ஏரலில் ஒரு வீடா இருக்கிறது என்றாள். டாப்பரை என் தலையில் மாட்டி, கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, வீட்டில் இருந்த பிச்சிப்பூவைக் கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தாள். பூ கல்லு மாதிரி நின்றது. எனக்கோ உச்சியெல்லாம் வேர்த்து, கிளிப் இழுத்து, யாரோ தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மாதான் என்றால், டாப்பரோடு உட்கார்ந்தால் பொய்க்காரியாவேன். இல்லாமல் உட்கார்ந்தால் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் என் மண்டை தெரியும். ரெண்டில் எது என்று கேட்டேன். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை:

"ஆம்பளைக்கு இல்லைன்னா ஊரு வயசுங்கும், பொம்பளைக்கு இல்லைன்னா நோயான்னு கேக்கும். வச்சுக்கோ."

திருச்செந்தூர் வைத்தியம்

சனிக்கிழமை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருத்தர் வந்தார். ஒரு வருசமாக வருகிறவர், ஹெல்மெட்டால்தான் முடி போகிறது என்று சண்டை போடுகிறவர். அன்றைக்கு மொழுமொழுவென்று மொட்டைத்தலையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். இனிமேல் மருந்து வேண்டாம், சொல்லிவிட்டுப் போகவந்தேன் என்றார். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டாராம். யாரும் வழுக்கையா என்று கேட்பதில்லையாம், என்ன வேண்டுதல் என்றுதான் கேட்கிறார்களாம். முடி முளைக்க ஆரம்பித்ததும் மறுபடியும் ஒரு வேண்டுதல் வைத்துக்கொள்ளப் போகிறாராம்.

எனக்கு அவர்மேல் பொறாமை பொங்கியது. ஒரு ஆள் தலையைச் சிரைத்துவிட்டு சாமி பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிகிறது. நான் நாளைக்கு எந்தச் சாமி பெயரைச் சொல்வது? என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். ஒன்றுமில்லை, நாளைக்கு எனக்குப் பூ வைக்கிறார்கள் என்றேன். அவர் என் உச்சியை ஒரு தடவை பார்த்தார், நல்ல மனுசன், உண்மையாகவே எனக்கு வழி சொன்னார்:

"நாளைக்குள்ள முடியாதுன்னா, கல்யாணத்துக்கு முன்னால நீங்களும் ஒரு வேண்டுதல் வையிங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமை

அவர்கள் வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேனிலிருந்து முதலில் இறங்கினது புதன்கிழமை வந்த அதே அம்மாதான். அறைக்குள் வந்து டாப்பரைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பவுடரையும் துடைத்தேன். இருக்கிற முடியைச் சீவி, பின்னலாகப் போட்டுக்கொண்டேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த அம்மாவின் கை டாப்பரில் படுகிற நேரத்தை நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கூடத்தில் சேரிலும் பாயிலும் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை முன்முடியைக் கீழே இழுத்து வாரியிருந்தார். மின்விசிறி அதை மேலே தூக்கிக்கொண்டே இருந்தது, அவர் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. நான் வந்து உட்கார்ந்ததும் என் தலையைத்தான் பார்த்தார்கள். அவருடைய அத்தை, அதாவது அந்த அம்மாவின் நாத்தனார், பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னார்.

அந்த அம்மா என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவேயில்லை. நெற்றியில் குங்குமம் வைத்தார். தட்டிலிருந்து பிச்சிப்பூச் சரத்தை எடுத்து, நேரே என் உச்சியில், முடியே இல்லாத இடத்தில் வைத்துக் கொண்டை ஊசியைக் குத்தினார். ஊசி வழுக்கிக்கொண்டு வந்தது, பூ என் மடியில் விழுந்தது. பாயில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்து மறுபடியும் அதே இடத்தில் குத்தினார். மறுபடியும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தெரிந்தும் என்னை ஊர் முன்னால் அவமானப்படுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கிருந்துதான் வந்ததோ குரல், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டேன்: "அத்தை, அங்கன முடி கிடையாது. எங்க குடும்பத்துல அப்படித்தான். கீழ பின்னல்ல வைங்க, நிக்கும்."

அந்த அம்மா பூவை எடுத்து, பின்னல் ஆரம்பிக்கிற இடத்தில் வைத்து, ஊசியை அழுத்திக் குத்தினார். பூ நின்றது. குத்துகிற சாக்கில் என் காதோரம் குனிந்தார்:

"எனக்குத் தெரியும்ளா. மேல குத்தி விழுந்தாத்தான் இங்கன இருக்க எல்லாக் கண்ணும் பாக்கும். இன்னைக்கே பாத்துட்டாவன்னா, நாளைக்கு எங்கள ஏமாத்திட்டாவன்னு எங்க வீட்டுல ஒருத்தி வாயத் தொறக்க முடியாதுல்லா."

அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நான் நிற்கிற நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது, மாப்பிள்ளை தன் நெற்றியைப் பார்த்தபடி நிற்கிற நேரம் ரெண்டு மடங்காகிவிட்டதாம். பரம்பரை வழுக்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நான் கண்ட வித்தியாசத்தில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.